நடுவில் இருந்தால் மட்டும் போதுமா?



இந்த மாதப் பாடம் விமான நிலையங்களைப் பற்றியது. நம்ம இளைஞர் வகுப்புக்கும் விமான நிலையத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் வட்டாரத்திலிருந்து ஆறு பேர் ஸ்ரீரங்கம், சமயபுரம், பழனி என்று தல யாத்திரை கிளம்பினோம். காலையில் அலோர்ஸ்டாரிலிருந்து கோலாலம்பூர். மதியம் அங்கிருந்து திருச்சி. டிக்கெட் போட்டது நான்தான். இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் விலை கொஞ்சம் கூட வந்தது. அதனால் ஒரு நிறுவனத்தில் முதல் பயணம், இன்னொரு நிறுவனத்தில் இரண்டாவது பயணம் என்று தனித்தனியாக எடுத்தேன். நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கு, தாராளமாப் போதும்னு நினைச்சேன்.

முதல் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். இறங்கி, பெட்டிகளை எடுத்து, வேறு முனையத்துக்கு ஓடினோம். எங்கள் திருச்சி விமானம் இன்னும் தரையில்தான் நின்றது. ஆனால் கவுண்டரை மூடிட்டாங்க. முதல் நிறுவனத்தைக் கேட்டால், "உங்களைக் கோலாலம்பூரில் கொண்டுவந்து விட்டோம், எங்க வேலை முடிஞ்சது" என்றார்கள். இரண்டாவது நிறுவனத்தைக் கேட்டால், "நீங்க நேரத்துக்கு வரலையே" என்றார்கள். அவங்கவங்க கணக்குப்படி இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆறு பேருக்கும் புது டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று. அன்று இரவு முழுதும் நாற்காலியில் உட்கார்ந்தே கழிந்தது. எங்களோடு வந்த பாட்டிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம்ப்பா, ரெண்டு பிளேனும் ஒரே இடத்துக்குத்தானே வருது? ஒன்னுக்கொன்னு சொல்லிக்க மாட்டாங்களா?"

அந்தக் கேள்விதான் இந்தப் பாடம்.

1. குடமும் ஆரக்காலும்

கோயில் தேர்ச் சக்கரத்தையோ மாட்டு வண்டிச் சக்கரத்தையோ பார்த்திருப்பீங்க. நடுவில் உருண்டையாக இருப்பது குடம். அதிலிருந்து வெளியே போகும் கட்டைகள் ஆரக்கால்கள். ஓர் ஆரக்காலுக்கும் இன்னோர் ஆரக்காலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எல்லாம் குடத்தின் வழியாகத்தான். உலகத்தின் பெரிய விமான நிலையங்கள் இந்தக் குடத்தைப் போலத்தான் வேலை செய்கின்றன.

ஏன் இப்படி? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து ஊர்கள் இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒவ்வோர் ஊரிலிருந்தும் மற்ற எல்லா ஊருக்கும் நேரடி விமானம் விடணும்னா 45 தடங்கள் வேண்டும். அவற்றில் ஓர் ஊரை நடுவாக வைத்து மற்ற ஒன்பதையும் அதோடு இணைத்தால் 9 தடங்கள் போதும். யாரும் எங்கும் போகலாம், ஒருமுறை இறங்கி மாறினால் சரி.

இன்னும் பெரிதாகப் பார்ப்போம். நடு ஊருக்கு மேற்கே 20 ஊர், கிழக்கே 20 ஊர். மொத்தம் 40 தடங்கள்தான். ஆனால் மேற்கே உள்ள ஒவ்வோர் ஊரையும் கிழக்கே உள்ள ஒவ்வோர் ஊரோடும் சேர்த்தால் 400 இணைப்புகள் கிடைக்கும். கிழக்கே இன்னும் ஒரே ஓர் ஊரைச் சேர்த்தால், ஒரு தடம்தான் கூடுகிறது. இணைப்போ 20 கூடுகிறது. பெரிய விமான நிலையம் மேலும் பெரிதாவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

அலோர்ஸ்டாரிலிருந்து திருச்சிக்குத் தினமும் எத்தனை பேர் போவார்கள்? ஒரு விமானம் நிறையுமா? நிறையாது. ஆனால் அலோர்ஸ்டார், கோத்தா பாரு, கூச்சிங் என்று பல ஊர்களிலிருந்து வரும் பத்துப் பத்துப் பேரைக் கோலாலம்பூரில் சேர்த்து, அந்த ஊர்க்காரர்களோடு ஒரே விமானத்தில் ஏற்றினால் நிறைந்துவிடும். சின்ன ஊர்க்காரர்களுக்கு உலகம் கிடைப்பது இப்படித்தான். எல்.ஆர்.டி.யில் மஸ்ஜிட் ஜாமெக் ஸ்டேஷனில் இறங்கித் தடம் மாறுவீங்க இல்லையா, அதேதான், கொஞ்சம் பெரிய அளவில்.

இந்த முறையை முதலில் பெரிய அளவில் வளர்த்தது அமெரிக்கா. டெல்டா நிறுவனம் அட்லாண்டாவை நடுவாக வைத்து 1950களிலேயே இதைச் செய்தது. எந்த நிறுவனம் எங்கே பறக்கலாம் என்று அரசு கட்டுப்படுத்தும் முறையை 1978இல் அமெரிக்கா தளர்த்திய பிறகு மற்ற நிறுவனங்களும் இதே வழியில் போயின. அட்லாண்டாவை 2019இல் மட்டும் 11 கோடிக்கும் அதிகமான பயணிகள் பயன்படுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டுப் பயணிகள். நம் பக்கத்துச் சாங்கி இதற்கு நேர்மாறு. சிங்கப்பூரில் உள்நாட்டு விமானமே கிடையாது. அங்கே வருகிற அத்தனை பேரும் எல்லை தாண்டி வருகிறவர்கள்தான். அப்படியும் 2019இல் 68.3 மில்லியன் பயணிகள் சாங்கியைப் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரின் மக்கள்தொகையைப் போல அது பத்து மடங்குக்கும் மேல். அவர்களில் ஒரு பகுதியினர் சிங்கப்பூருக்கு வந்தவர்களே இல்லை. வேறெங்கோ போகிற வழியில் இறங்கி மாறியவர்கள்.

2. நேரம்தான் உயிர்

நடுவில் ஒரு பெரிய கட்டடம் கட்டிவிட்டால் இணைப்பு வந்துவிடாது. வருகிற விமானமும் போகிற விமானமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை அலை என்று சொல்வார்கள். முதலில் பல ஊர்களிலிருந்து விமானங்கள் வந்து இறங்கும். ஒன்றிரண்டு மணி நேரம் பயணிகளும் பெட்டிகளும் இடம் மாறும். பிறகு எல்லா விமானங்களும் அடுத்தடுத்துக் கிளம்பும். சாங்கியில் சாயங்காலத்துக்கு மேல் நின்று பாருங்க. ஆஸ்திரேலியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நம்ம பக்கத்து ஊர்களிலிருந்தும் விமானங்கள் வந்துகொண்டே இருக்கும். நள்ளிரவை ஒட்டி லண்டன், பாரிஸ், ஃபிராங்ஃபர்ட் என்று ஐரோப்பா விமானங்கள் வரிசையாகக் கிளம்பும். அவை விடியற்காலையில் அங்கே போய்ச் சேரும். சென்னையில் நள்ளிரவு ஏறுகிறவர் காலையில் சாங்கியில் இறங்குவார். அந்த நேரத்துக்குத் தோக்கியோவுக்கும் சிட்னிக்கும் போகிற காலை விமானங்கள் தயாராக நிற்கும். சென்னை விமானம் அந்த அகால நேரத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் "குறைந்தபட்ச இணைப்பு நேரம்" என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு பயணியும் அவர் பெட்டியும் ஒரு விமானத்திலிருந்து அடுத்த விமானத்துக்குப் போய்ச் சேர இத்தனை நிமிடமாவது வேண்டும் என்ற கணக்கு அது. அதைவிடக் குறைந்த இடைவெளியில் ஒரே டிக்கெட் விற்க மாட்டார்கள். இந்த நேரம் குறையக் குறைய, அந்த நிலையத்தின் மதிப்புக் கூடும். அதனால்தான் உள்ளே ஓடும் ரயில், பெட்டி நகரும் பட்டை, குடிநுழைவு வரிசை எல்லாம் முக்கியமாகின்றன.

கே.எல்.ஐ.ஏ.வையே எடுத்துக்குங்க. சிப்பாங்கில் 1998 ஜூனில் திறந்தபோது, முதன்மைக் கட்டடத்தையும் துணைக் கட்டடத்தையும் இணைக்க ஏரோடிரெயின் வைத்தார்கள். 2023 மார்ச்சில் அது நின்றுபோனது. 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடியது. அதுவரை பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கினார்கள். ஓடுபாதையும் இருந்தது, விமானங்களும் இருந்தன. ஆனாலும் ஒரு சின்ன ரயில் நின்றதில் இத்தனை சிரமம். சந்தி என்பது இடத்தின் பெயராக இருக்கலாம். அது நடப்பது இந்த மாதிரி வேலைகளால்தான்.

மனிதர்கள் மட்டும் இல்லை, சரக்கும் இப்படித்தான் மாறுகிறது. பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில் பெட்டிகளோடு சரக்கும் போகும். தமிழ்நாட்டில் பறிக்கும் மல்லிகை சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இப்படித்தான் வருகிறது. பினாங்கில் தயாராகும் மின்னணுச் சில்லுகளும் விமானத்தில்தான் உலகத்துக்குப் போகின்றன. அவை உடல் சிறுத்தவை, விலை பெருத்தவை. கப்பலில் வாரக்கணக்கில் காத்திருக்க முடியாதவை.

3. வானத்துக்கும் வேலி உண்டு

வானம் எல்லாருக்கும் பொது என்று நினைக்கிறோம். சட்டப்படி அப்படி இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் தலைக்கு மேலே உள்ள வானம் சொந்தம். 1944 டிசம்பர் 7ஆம் தேதி சிகாகோவில் 52 நாடுகள் கையெழுத்திட்ட உடன்பாட்டின் அடிப்படை அதுதான். அங்கிருந்து வந்ததுதான் "வான் சுதந்திரங்கள்" என்ற கணக்கு.

முதல் சுதந்திரம், இன்னொரு நாட்டின் மேலே இறங்காமல் பறந்து போவது. இரண்டாவது, எண்ணெய் நிரப்ப மட்டும் இறங்குவது. மூன்றாவது, நம் நாட்டிலிருந்து பயணிகளை அங்கே கொண்டு போவது. நான்காவது, அங்கிருந்து இங்கே கொண்டு வருவது. ஐந்தாவது, போகிற வழியில் உள்ள இரண்டு வெளிநாடுகளுக்கு இடையே பயணிகளை ஏற்றுவது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, அங்கே ஆள் ஏற்றி நியூயார்க் போவது இந்த ஐந்தாவது வகை.

நமக்கு முக்கியமானது ஆறாவது. ஒரு வெளிநாட்டிலிருந்து பயணியை ஏற்றி, நம் ஊருக்குக் கொண்டுவந்து, இங்கே விமானம் மாற்றி, இன்னொரு வெளிநாட்டில் இறக்குவது. மலேசியா ஏர்லைன்ஸ் சென்னையில் ஒருவரை ஏற்றி, கே.எல்.ஐ.ஏ.வில் மாற்றி, மெல்பர்னில் இறக்குவதை நினைச்சுப் பாருங்க. அந்தப் பயணிக்கு மலேசியாவில் வேலையே இல்லை. ஆனாலும் அவரால் இங்கே சுத்தம் செய்கிறவர் முதல் விமானப் பொறியாளர் வரை பலருக்குச் சம்பளம். சிங்கப்பூர், துபாய், தோஹா எல்லாம் பெரிய சந்திகள் ஆனது இந்த ஆறாவது சுதந்திரத்தால்தான்.

இந்த வேலி எவ்வளவு உயரமாக இருக்கும் என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே சாட்சி உண்டு. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 300 கிலோமீட்டர்தான். பறக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. ஒன்றாக இருந்த மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1972இல் இரண்டாகப் பிரிந்தது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தடம் பெரும்பாலும் அந்த இரண்டு தேசிய நிறுவனங்களின் கையில்தான் இருந்தது. 2008இல்தான் மலிவு விலை நிறுவனங்களுக்கு வழி விட்டார்கள். பத்தே ஆண்டில், 2018இல், ஆண்டுக்கு 30,000க்கும் அதிகமான விமானப் பயணங்களோடு உலகிலேயே மிகச் சுறுசுறுப்பான பன்னாட்டுத் தடமாக அது ஆனது. தூரமும் மாறவில்லை, மக்களும் மாறவில்லை. மாறியது ஒரு கையெழுத்து.

திருச்சிக்கும் இதே கதைதான். நீண்ட காலமாக அந்த நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே அதிகம். காரணம் நம்மைப் போன்றவர்கள்தான். அங்கே 2024 ஜனவரியில் புதிய முனையமும் திறந்தாச்சு. ஆனால் இந்தியாவுக்கு வாரத்துக்கு எத்தனை இருக்கை விடலாம் என்பது இரண்டு அரசுகளும் பேசி முடிவு செய்கிற விஷயம். தீபாவளி, பொங்கல் நேரத்தில் டிக்கெட் விலை ஏறும்போது நாம் விமான நிறுவனத்தை மட்டும் திட்டுகிறோம். அந்த ஒப்பந்த மேசையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கணும்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு நிறுவனமே எல்லா ஊருக்கும் பறக்க முடியாது. அதனால் நிறுவனங்கள் கூட்டணி சேர்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2000இல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. மலேசியா ஏர்லைன்ஸ் 2013இல் ஒன்வேர்ல்டில் சேர்ந்தது. ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் விமானத்தில் போகலாம், பெட்டியும் கூடவே வரும். ஏர் ஆசியா போன்ற மலிவு விலை நிறுவனங்கள் முதலில் வேறு பாதையில் போயின. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நேராகப் பற, இறக்கு, திரும்பு, யாருக்காகவும் காத்திருக்காதே. அதனால்தான் விலை குறைந்தது. ஆனால் பயணிகளே அதன் விமானங்களைக் கோலாலம்பூரில் மாறி மாறிப் பிடிப்பதைப் பார்த்த பிறகு, ஏர் ஆசியாவும் மாறிப் போகும் பயணத்தை ஒரே டிக்கெட்டாக விற்கத் தொடங்கியது.

4. கைமாறிய சந்திகள்

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருவோம். நாம் ஆசியாவுக்கு நடுவில் இருக்கிறோம், அதனால் நமக்கு இந்த இடம் நிரந்தரம் என்று நினைக்கலாமா?

நம் சரித்திரம் என்ன சொல்கிறது? விமானம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த நீரிணை உலகச் சந்தியாக இருந்தது. தென்மேற்குக் காற்றில் இந்தியாவிலிருந்து கப்பல்கள் வரும். வடகிழக்குக் காற்றில் சீனாவிலிருந்து வரும். திரும்பிப் போகக் காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து டிரான்சிட் பல மாதங்கள்! தமிழ்க் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் கெடா அப்படி ஒரு துறைமுகம். பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்த கோயில் அடித்தளங்கள் அந்தக் காத்திருப்பின் சுவடுகள்தான். காத்திருந்தவர்கள் தங்கள் சாமியையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

பிறகு மலாக்கா எழுந்தது. அந்த சுல்தான்கள் வணிகர்களுக்காக நான்கு துறைமுக அதிகாரிகளை வைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பகுதி வணிகர்களுக்குப் பொறுப்பு. தமிழ் வணிகர்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருந்தார். வரி என்ன, எடை என்ன, சண்டை வந்தால் யாரிடம் போவது என்று எல்லாம் தெளிவு. 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். துறைமுகம் அதே இடத்தில்தான் இருந்தது; காற்றும் அதே காற்றுத்தான். ஆனால் கெடுபிடி கூடியது. வணிகர்கள் பலர் அச்சேவுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள். இடம் நிலைத்தது, சந்தி நகர்ந்தது.

விமான யுகத்திலும் இதே கதைதான். கனடாவின் கிழக்குக் கோடியில் கேண்டர் என்று ஓர் ஊர். 1940களிலும் 50களிலும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பறந்த விமானங்கள் எண்ணெய் நிரப்ப அங்கே இறங்கியே ஆக வேண்டும். ஜெட் விமானம் வந்தது. நிற்காமல் கடலைத் தாண்டியது. கேண்டர் அமைதியாகிவிட்டது.

1947 டிசம்பரில் கான்டாஸ் நிறுவனம் சிட்னி–லண்டன் சேவையைத் தொடங்கியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று இறங்கி இறங்கிப் போக நான்கு நாள் ஆனது. பிறகு நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சிங்கப்பூர் மட்டும் நிலைத்தது. ஆனால் 2013இல் கான்டாஸ் தன் லண்டன் விமானங்களின் நிறுத்தத்தைச் சிங்கப்பூரிலிருந்து துபாய்க்கு மாற்றியது. 1985இல் இரண்டு வாடகை விமானங்களோடு தொடங்கிய எமிரேட்ஸ், துபாயை அவ்வளவு பெரிய சந்தியாக வளர்த்திருந்தது. 2014இல் பன்னாட்டுப் பயணிகள் எண்ணிக்கையில் துபாய், லண்டனின் ஹீத்ரோவையே முந்தியது. 2018இல் கான்டாஸ் மறுபடி சிங்கப்பூருக்கு வந்தது. அதே மாதம்தான் பெர்த்திலிருந்து லண்டனுக்கு எங்கும் நிற்காத விமானத்தையும் விட்டது. சுமார் 14,500 கிலோமீட்டர், 17 மணி நேரப் பயணம். அதாவது, "எந்தச் சந்தியும் இல்லாமலே போக முடியும்" என்று காட்டியது.

அண்மைய உதாரணம் ஹெல்சிங்கி. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கு ரஷ்யாவின் மேலே பறந்தால் அதுதான் குறுக்கு வழி. ஃபின்ஏர் நிறுவனம் தன் வியாபாரத்தையே அதன்மேல் கட்டியது. 2022இல் போர் மூண்டதும் ரஷ்ய வானம் மூடப்பட்டது. ஹெல்சிங்கி–தோக்கியோ பயணம் 9 மணி நேரத்திலிருந்து சுமார் 13 மணி நேரமாக நீண்டது. முதல் சுதந்திரம் என்று மேலே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனோமே, அது போனால் ஒரு சந்தியின் கதியே மாறும்.

5. ஒரு முடிச்சு அவிழ்ந்தால்

குடம் வைத்த சக்கரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ஓர் ஆரக்கால் முறிந்தால் வண்டி ஓடும். குடம் உடைந்தால் ஓடாது. பெரிய நிலையத்தில் இரண்டு மணி நேரம் இடி மழை பெய்தால், வெயில் அடிக்கும் வேறோர் ஊரில் மாலை விமானம் தாமதமாகும். ஏனென்றால் அங்கே வர வேண்டிய விமானமும் பணியாளரும் இங்கே மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பிய வானம் பல நாள் மூடப்பட்டது. சுமார் ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்தாயின. ஆப்பிரிக்காவில் கென்யாவில், ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய ரோஜாக்கள் கிடங்கில் வாடி அழுகின. எரிமலை எங்கே, கென்யாப் பூ விவசாயி எங்கே!

பெருந்தொற்றை நாம் யாரும் மறக்க முடியாது. சாங்கியில் 2019 ஏப்ரலில் 55 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்து போனார்கள். 2020 ஏப்ரலில் சுமார் 25,000 பேர். இரண்டு முனையங்களை மூடி வைத்தார்கள். அன்னிய முகங்களை நம்பி வாழ்கிற இடம் அந்த முகங்கள் வராதபோது என்ன ஆகும் என்று அன்று பார்த்தோம். விமான நிலையத்தில் வேலை பார்த்த நம் பிள்ளைகள் பலரும் அதை நேரில் அனுபவித்தார்கள். மீண்டும் எழுந்த சாங்கி இப்போது ஆண்டுக்கு 50 மில்லியன் பயணிகளுக்காக ஐந்தாவது முனையத்தைக் கட்டுகிறது. அதன் வேலை 2025இல் தொடங்கியது.

6. நமக்கு என்ன பாடம்?

முதலில் கைக்கு உதவும் பாடம். மாறிப் போகும் பயணம் என்றால் ஒரே டிக்கெட்டாக எடுங்க. முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது பெரும்பாலும் நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். வேறு வழியில்லாமல் தனித்தனியாக எடுத்தால், நடுவில் அரை நாளாவது விடுங்க. முதியவர்கள் கூட வந்தால் ஓர் இரவு தங்கியே போங்க. பெட்டி கடைசி ஊர் வரை போகுமா, எந்த முனையம், கவுண்டர் எத்தனை மணிக்கு மூடும், இந்த மூன்றையும் டிக்கெட் போடும் முன்பே கேளுங்க. மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகமாக நான் கட்டிய பிறகு கற்றுக்கொண்டது இது.

அடுத்தது வேலை வாய்ப்பு. விமானத் துறை என்றாலே விமானி, பணிப்பெண் என்று நினைக்கிறோம். அலைகளுக்கு நேரம் அமைப்பவர், விமானத்தைப் பழுது பார்ப்பவர், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், சரக்குக் கையாளர், ஒப்பந்தம் பேசும் அதிகாரி என்று எத்தனையோ வேலைகள் இருக்கு. கணிதமும் மொழியும் பொறுமையும் உள்ள பிள்ளைகளுக்கு இங்கே இடம் உண்டு.

மூன்றாவது, பாட்டியின் கேள்வி. "ஒன்னுக்கொன்னு சொல்லிக்க மாட்டாங்களா?" நம்ம ஊரில் மூன்று தெரு கூடும் இடத்தில் பிள்ளையார் இருப்பார். வழி தெரியாதவன் அங்கே நின்று கும்பிட்டு, கேட்டு, போவான். இன்று நம் வட்டாரத்தைப் பாருங்க. கோயில் ஒரு பக்கம், தமிழ்ப்பள்ளி ஒரு பக்கம், இளைஞர் இயக்கம் ஒரு பக்கம். எல்லாம் ஒரே தாமானில்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பேரும் மூன்று நிகழ்ச்சி வைக்கிறோம். மூன்றிலும் நாற்காலி காலியாக இருக்கு. தேவார வகுப்பு முடித்த பிள்ளைக்கு அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை. பெட்டியோடு நடுவில் நின்ற எங்களைப் போலத்தான் அந்தப் பிள்ளையும். இங்கே கட்டடம் குறைவில்லை, ஆளும் குறைவில்லை. ஒருவர் வருகிற நேரத்தை இன்னொருவர் பார்த்து வைப்பதுதான் குறை.

அதற்குப் பெரிய பதவி வேண்டாம். ஒரு போனும் ஒரு நாள்காட்டியும் போதும். உங்கள் கிளையில் யாராவது ஒருவர் அந்த வேலையை எடுத்துக்குங்க.

அடுத்த ஆண்டு மறுபடி யாத்திரை போனோம். பாட்டியும் வந்தார். இந்த முறை ஒரே டிக்கெட். கோலாலம்பூரில் இறங்கியதும் பெட்டியைத் தேடினார். "அது நமக்கு முன்னாடியே போயிடும் பாட்டி" என்றேன். நம்பாமல்தான் வந்தார். திருச்சியில் பட்டையில் பெட்டி வந்தபோது அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, சொல்லிக்கிட்டாங்க போல" என்றார்.

கலந்துரையாட:

1. உலக வரைபடத்தில் உங்கள் ஊரிலிருந்து மதுரைக்குப் போக மூன்று வழிகளைக் குறியுங்கள். ஒவ்வொன்றிலும் எங்கே மாறுகிறீர்கள்? ஏன் அங்கே?
2. எட்டு ஊர்களை நேரடியாக இணைக்க எத்தனை தடங்கள் வேண்டும்? ஒரு நடு ஊர் வைத்தால் எத்தனை?
3. மலாக்கா, கேண்டர், ஹெல்சிங்கி ஆகிய மூன்றும் சந்தி என்ற இடத்தை இழந்த அல்லது குறைத்த காரணங்களை ஒப்பிடுங்கள். எது மனிதர் கையில் இருந்தது? எது இல்லை?
4. உங்கள் வட்டாரத்துக் கோயில், பள்ளி, இயக்கம் ஆகியவற்றின் அடுத்த மூன்று மாத நிகழ்ச்சிகளை ஒரே தாளில் எழுதுங்கள். எத்தனை மோதுகின்றன? அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள்.